இரு கணினிகளும் ஒரு பதிவேடும்



ஆண்டுமலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால் அதில் கல்வியின் சிறப்பும் ஒழுக்கத்தின் மேன்மையும் பேசப்படும் என்று எதிர்பார்ப்பீர்கள். இவ்வாண்டு அதற்கு மாறாக, என் வீட்டில் இருந்த இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேச மறுத்த கதையை எழுத முற்படுகிறேன். அவை பேச மறுத்தமையால் நம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. ஆதலால் இஃது உங்களுக்கும் உரிய கதையே.

சென்ற ஆண்டின் இறுதி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை, நம் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவருடைய சிவப்பு அடையாள அட்டை, கணவரின் மரணப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டுகள் சில.

"பெரிய வாத்தியாரே, நான் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ரெண்டு வருசம் படிச்சேன். என் பேரு உங்க பெரிய புத்தகத்துல இருக்குமாமே? இருந்தா ஒரு காகிதம் எடுத்துக் குடுங்க. புதன்கிழமை பேரன் பதிவிலாகாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

அவர் பிறந்தது இத்தோட்டத்து லயத்தில்தான். ஆனால் பிறப்பைப் பதிந்துவைப்பதன் அருமை அந்நாளில் பலருக்குத் தெரியாது. பிறப்புப் பத்திரம் இல்லாத இத்தகையோர்க்கு, இளமையில் இம்மண்ணில் இருந்ததைக் காட்டும் தாள் வேறொன்றும் கிடைப்பதில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி, மாணவர் பெயர், தந்தை பெயர், லயத்தின் எண், சேர்ந்த நாள் ஆகியவற்றைக் காட்டும். அந்த ஒரு வரியைத் தேடித்தான் அந்த அம்மா வந்திருந்தார்.

அப்பதிவேட்டின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். 2011 ஆம் ஆண்டு விடுமுறையில், பள்ளி வாரியத்தின் ஒப்புதலுடன், அதன் 612 பக்கங்களையும் ஸ்கேனரில் ஒவ்வொன்றாக வைத்துப் படமாக்கினேன். என் சொந்தக் கணினியில் செய்த வேலை அது. அதன்பின் மூலப் புத்தகம் பள்ளிச் சேமிப்பறை அலமாரியில் இருந்தது. ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்து பார்த்தபோது கரையான் அட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது. எஞ்சியது என் கணினியிலிருந்த படங்களே. அவற்றிற்கு மறுநகல் எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த அம்மாவை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, முன்னறையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கணினியை முடுக்கினேன். விண்டோஸ் 7 இயங்கும் கணினி அது. உள்ளிருந்து பல்லி கத்துவது போன்ற ஓர் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஹார்டு டிஸ்க் தன் ஆயுளின் இறுதியில் எழுப்பும் ஓசை அதுவென்று நான் அறிவேன். பெயரைத் தேடினேன்; 1959 ஆம் ஆண்டு ஜனவரியில் சேர்ந்தவர்களின் வரிசையில், 247 ஆம் பக்கத்தில், அவர் பெயரும் தந்தை பெயரும் இருந்தன. பக்கம் திறப்பதற்கே நெடுநேரம் ஆயிற்று.

ஒரு பென்டிரைவில் எடுத்திருக்கலாமே என்பீர்கள். இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் இடி விழுந்ததிலிருந்து, பென்டிரைவைச் செருகிய மறுகணமே அக்கணினி அணைந்து மீண்டும் எழும். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அந்த வாரத்துப் புயல்மழையில் மரம் விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது, இணையம் இல்லை. கைப்பேசியால் திரையைப் படம் பிடித்துப் பார்த்தேன். திரையெங்கும் அலை அலையாகக் கோடுகள் விழுந்தன. பழைய கிராணியார் கட்டைப் பேனாவால் எழுதிய மங்கிய எழுத்துகள் அவற்றினூடே தெரியவில்லை. ஒரு பக்கத்திற்கு அவ்வாறு ஏதோ வழி செய்துகொண்டாலும், மற்றப் பக்கங்களின் கதி என்ன?

எனக்கு மற்றொரு கணினியும் உண்டு; விண்டோஸ் 11 இயங்கும் மடிக்கணினி. வீட்டில் ரவுட்டர் என்னும் பெட்டி ஒன்றும் உண்டு. எனினும் இணையம் அறுந்த வீட்டில் அப்பெட்டியால் பயனில்லை என்றே அன்றிரவு நான் எண்ணினேன். இந்த எண்ணம் உங்களுள் பலர்க்கும் இருக்கும். வைஃபை வேறு, இணையம் வேறு. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் போகும் பெருஞ்சாலையில் பாலம் உடைந்தால் பட்டணம் போக முடியாது. அதற்காக மேட்டு லயத்திலிருந்து பள்ளத்து லயத்திற்கு நடந்து போக முடியாமற் போகுமா? ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கும் கணினிகளுக்கிடையே பாதை அமைத்துத் தருகிறது. வெளியே செல்லும் கம்பி அறுந்தாலும் உள்வழி திறந்தே இருக்கும்.

இதை எனக்கு நினைவூட்டியவள் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி. இப்போது பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் பயில்கிறாள். ஞாயிறு காலையில் கோயில் வசூல் புத்தகத்தைக் கொடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டாள். சொன்னேன்.

"நெட் இல்லாட்டியும் பரவாயில்லைங்க ஐயா. ரெண்டும் ஒரே ரவுட்டர்ல இருந்தா அதுங்களுக்குள்ள பேசும்" என்றாள்.

ஆனால் அவை பேசவில்லை. பழைய கணினியில் பதிவேட்டுக் கோப்புறைக்குப் பகிர்வு அனுமதி கொடுத்தோம். மடிக்கணினியில் பார்த்தால் பழைய கணினியின் பெயரே காணப்படவில்லை. உடனே நான் காப்பு அமைப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். "ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாப்போம் ஐயா. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டா எதனால சரியாச்சுன்னே தெரியாது." அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்கு ஐந்தாம் ஆண்டில் கற்பித்தவன் நான். அணைத்தவற்றை எல்லாம் மீண்டும் இயக்கி வைத்தேன்.

லயத்து வீடுகளில் குழாய் நீர் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? தொட்டியில் நீர் இருக்கிறதா என்று முதலிற் பார்ப்போம், பிறகு பெருங்குழாய், பிறகு கிளைக்குழாய், இறுதியாக வீட்டுக் குழாயின் திருகு. அன்று நாங்கள் செய்ததும் அதுவே. முதற்கண் இரு கணினிகளின் முகவரிகளைப் பார்த்தோம். கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையைத் தட்டினால் ஒவ்வொரு கணினியும் தன் எண்ணைக் காட்டும். பழையது 192.168.1.10 என்றது. மடிக்கணினி 192.168.5.23 என்றது.

இவ்வெண்கள் வீட்டிலக்கம் போன்றவை. 192.168 என்று தொடங்கும் 65,536 முகவரிகளும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. எல்லாத் தோட்டங்களிலும் முதலாம் லயம் மூன்றாம் வீடு என்று ஒன்று இருப்பது போல, உலகத்தின் எண்ணிறந்த வீடுகளில் இதே எண் இருக்கும்; ஒன்றோடொன்று மோதுவதில்லை. எங்கள் இரு எண்களிலும் மூன்றாம் இலக்கம் வேறாக இருந்ததைக் கண்டவுடன் அந்தப் பெண், "ஐயா, லேப்டாப் வேற லயத்துல இருக்கு" என்றாள்.

காரணம் விளங்கியது. தீபாவளிக்கு வந்த விருந்தினர்க்கென்று என் மகள் ரவுட்டரில் ஒரு விருந்தினர் வலையைத் திறந்து வைத்திருந்தாள். மடிக்கணினி எப்படியோ அதில் இணைந்துகொண்டது. விருந்தினர் வலையில் இருப்போர் வெளியே இணையத்திற்குப் போகலாம். வீட்டின் மற்றக் கணினிகளைக் காண முடியாது. திருவிழாப் பந்தலில் விருந்தினர்க்கு உணவு உண்டு, மடைப்பள்ளிக்குள் அனுமதி இல்லை என்பது போல. அவ்வாறு பிரித்து வைப்பது நன்மைக்கே. மடிக்கணினியை வீட்டு வலைக்கு மாற்றினோம். அதன் எண் 192.168.1.12 ஆயிற்று.

இனிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். பிங் என்று ஒரு கட்டளை உண்டு. 1983 ஆம் ஆண்டு மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் முறையிலிருந்து அதற்கு அப்பெயரை வைத்தார். ஒரு முகவரியைச் சொன்னால் அது நான்கு முறை அழைத்து, பதில் வந்ததா என்று சொல்லும். நாங்கள் அழைத்தோம். நான்கு அழைப்புக்கும் மறுமொழியில்லை.

ஒரே லயத்தில் இருந்தும் ஏன் பதிலில்லை? வாசலில் ஜாகா நின்றிருந்தார். கணினிக்குள் ஃபயர்வால் என்னும் காவல் ஒன்று உண்டு. புதிய வலையில் சேரும்போது விண்டோஸ் 7, இது வீடா, அலுவலகமா, பொது இடமா என்று கேட்கும். பொது இடம் என்று சொல்லிவிட்டால் அந்த ஜாகா யார் அழைத்தாலும் வாய் திறக்கமாட்டார். அங்கே அதுவே முறை. பழைய கணினியில் என்றோ நான் 'பொது இடம்' என்பதைத் தட்டிவிட்டிருக்கிறேன். அதை 'வீடு' என்று மாற்றினோம். ஜாகாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. இது யார் வீடு என்று சொன்னோம், அவ்வளவே. மீண்டும் பிங். நான்கு அழைப்பு, நான்கு பதில். அந்தக் கறுப்புத் திரையில் நான்கு வரிகளைக் கண்டு அறுபதை நெருங்கும் ஒருவன் கைதட்டினான் என்றால் நகைப்பீர்கள், நகையுங்கள்.

அடுத்து வந்தது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு கட்டம். மடிக்கணினியைத் திறக்கும் நான்கிலக்க எண்ணை இட்டேன், மறுத்தது. அவ்வெண் அந்த மடிக்கணினியைத் திறப்பதற்கு மட்டுமே உரியது. மற்றொரு கணினியின் வாயிலில் அது செல்லாது. எந்தக் கணினியின் கதவைத் தட்டுகிறோமோ அந்தக் கணினியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான் வேண்டும். பழைய கணினியிலோ நான் கடவுச்சொல்லே வைத்ததில்லை. வெறுமையாக விட்டுத் தட்டினேன், அதையும் மறுத்தது. கடவுச்சொல் இல்லாத கணக்கை அதன் எதிரில் உட்கார்ந்துதான் திறக்கலாம், வலைவழியே திறக்க முடியாது என்பது விண்டோஸின் விதி என்று பின்னரே அறிந்தேன்.

இவ்விடத்தில் பொறுமையிழந்து, கோயில் மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்திற்கு ஏறிப்போய், கணினி பழகிய நண்பர் ஒருவருக்குத் தொலைபேசினேன். எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை இயக்கிவிடு, எல்லாம் சரியாகும் என்றார். எஸ்.எம்.பி. என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழி. கீழே வந்து சொன்னபோது அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். அவள் மறுத்தது சரியே. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல், அந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவி, உலகெங்கும் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது; இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பல அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10இன் புதிய நிறுவல்களில் அப்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. விண்டோஸ் 7க்கு அதனினும் மேம்பட்ட இரண்டாம் பதிப்பு தெரியும். ஆகவே எங்களுக்குப் பழைய ஓட்டையைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. நண்பரின் அன்பில் குறையில்லை. மருந்துதான் வேறு நோய்க்குரியது.

பழைய கணினியில் ஒரு கடவுச்சொல் வைத்தோம். மடிக்கணினியில் அக்கணினியின் முகவரியைத் தட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டோம். கோப்புறை திறந்தது. 612 சிறு படங்கள் வரிசையாக எழுந்தன.

"முதல்ல அந்தப் பாட்டி பக்கத்த எடுத்துருவோம் ஐயா" என்றாள். 247 ஆம் பக்கம் சில நொடிகளில் வந்து சேர்ந்தது. பிறகே முழுத் தொகுப்பையும் நகலெடுக்கப் பணித்தோம். பழைய ஆண்டு நிழற்படங்களையும் சேர்த்து 18 ஜிகாபைட். வைஃபை வழியே நொடிக்கு 2 மெகாபைட் வீதம் வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டோம். அவளை வீட்டிற்கு அனுப்பிவிட்டு நான் உண்ணப் போனேன். உண்டு திரும்பி வந்தால் மடிக்கணினி மூடியிருக்கிறது. வீணாக எரிகிறதே என்று என் மனைவி சாத்திவிட்டார். மூடியைச் சாத்தினால் கணினி உறங்கிவிடும், பாதியில் நின்றது. எது வந்தது, எது வரவில்லை என்று தெரியவில்லை. மனைவியைக் குறைசொல்ல முடியாது. விளக்கை வீணே எரியவிடக் கூடாது என்று நாற்பது மேடைகளில் பேசியவன் நான்.

மாலையில் அந்தப் பெண் மீண்டும் வந்தாள். இம்முறை மடிக்கணினியையும் கம்பியால் ரவுட்டரோடு இணைத்தோம். எங்கள் ரவுட்டர் நொடிக்கு 100 மெகாபிட் செலுத்தவல்லது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். நடைமுறையில் 11 வரை கிடைத்தது. நகலெடுக்க ரோபோகாப்பி என்னும் கட்டளையைப் பயன்படுத்தினாள், விண்டோஸுக்குள்ளேயே இருப்பது. ஏற்கெனவே வந்த கோப்புகளைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து அது தொடரும். ஆனால் அதில் ஓர் இயல்பு உண்டு. படிக்க முடியாத கோப்பு ஒன்று எதிர்ப்பட்டால், வேறு சொல்லாவிட்டால், 30 நொடிக்கு ஒருமுறையாகப் பத்து இலட்சம் தடவை முயன்றுகொண்டே இருக்கும்! நோயுற்ற டிஸ்க்கை அப்படி உலுக்கினால் இருப்பதும் போய்விடும். ஒரு முறை மட்டும் மறுபடி முயல், முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று கட்டளையில் எழுதினாள். இதை அவளுக்கு யார் கற்பித்தார்கள் என்று கேட்டேன். பள்ளியின் கணினிக் கழகத்தில் ஒரு முறை செய்து பார்த்தாளாம்.

இரவு எட்டு மணியளவில் முடிந்தது. டிஸ்க்கின் பல்லியொலி முடிவில் இடைவிடாமல் கேட்டது. எண்ணிப் பார்த்தோம். 612இல் 609 வந்திருந்தன. மூன்று பக்கங்களைப் படிக்க முடியவில்லை. மறுநாள் மீண்டும் முயல எண்ணி முடுக்கியபோது அக்கணினி எழவேயில்லை.

திங்களன்று 247 ஆம் பக்கத்தைப் பள்ளி அலுவலகத்தில் அச்சிட்டு, முத்திரையும் கையொப்பமும் இட்டு, சான்றுக் கடிதத்தோடு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன போலும். தந்தையின் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே சற்று நேரம் நின்றார். புதன்கிழமை விண்ணப்பத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

பதிவேட்டின் நகல்கள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன: பள்ளி அலுவலகத்தில் ஒன்று, வாரியத் தலைவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. இழந்தவை 318, 319, 402 ஆம் பக்கங்கள். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களின் தேதிகளைக் கொண்டு பார்த்தால், முதலிரண்டும் 1964 ஜனவரியில் சேர்ந்தவர்களுடையவை; மற்றது 1971 நடுவில் சேர்ந்தவர்களுடையது. பக்கத்திற்குப் பதினான்கு வரி, நாற்பத்திரண்டு பெயர்கள்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "அறுபத்து நாலா? என் தம்பியைச் சேத்த வருசமாச்சே அது" என்றார். என் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, தம்பியோடு அன்று பள்ளிக்கு நடந்து வந்த பிள்ளைகளை லயத்தின் வரிசைப்படி ஒவ்வொரு வீடாக எண்ணி, ஏழு பெயர்களைச் சொன்னார். தந்தை பெயர்களையும் சொன்னார். அவற்றைத் தனி ஏட்டில், யார் சொல்லக் கேட்டது என்ற குறிப்போடு எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் முப்பத்தைந்து பெயர்கள் வேண்டும். இம்மலரைப் படிப்போருள், அல்லது பிள்ளைகள் படித்துச் சொல்லக் கேட்போருள், அவ்விரு சமயங்களில் நம் பள்ளியில் சேர்ந்தோரோ அவர்களை அறிந்தோரோ இருந்தால், பள்ளி நாள்களில் பிற்பகல் ஒரு மணிக்குமேல் அலுவலகத்திற்கு வருக. தாளோ அட்டையோ கையில் இல்லாவிட்டாலும் வரலாம். பெயரும் லயத்தின் எண்ணும் நினைவிலிருந்தால் போதும்.